பொடி வைத்து ஊதும் முன்: கைத்தொழில் கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில், சனிக்கிழமை பிற்பகல்களில் நான் நடத்திவரும் தொடக்கநிலை நகைத்தொழில் வகுப்பைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து சிலர் எழுதிய கடிதங்களும், வகுப்புக்கு வருகிறவர்கள் வீட்டில் செய்துபார்த்துத் தடுமாறிக் கேட்டனுப்பிய கேள்விகளும் இந்த இதழின் பக்கங்களை நிரப்பப் போதுமானவை. ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். இன்றைய தங்க விலை என்ன, எந்தக் கடையில் செய்கூலி குறைவு என்று கேட்டவர்களுக்கு இப்பகுதியில் பதில் இல்லை; அதை நாளிதழ்கள் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: ஐயா, நான் 26 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவள், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவள். எங்கள் தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு வீட்டோடு இருக்கிறேன். வயது 58. கையெல்லாம் காய்த்துப் போயிருக்கிறது. நகை வேலைக்கு மெல்லிய விரல் வேண்டும் என்று மருமகள் சொல்கிறாள். வகுப்பில் சேரலாமா?

பதில்: தாராளமாகச் சேரலாம், அம்மா. மெல்லிய விரல் நகை போட்டுக்கொள்வதற்கு அழகாக இருக்கலாம். நகை செய்வதற்கு அது ஒரு தகுதியே அன்று. விடியற்காலை இருட்டில், தலைவிளக்கின் வெளிச்சத்தில், உள்ளே மரத்தில் கத்தி படாமல், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை மிச்சம் விட்டு, ஒரே சீராக ஒரு சுருள் சீவி எடுக்கிற கைக்கு வேறு என்ன பயிற்சி வேண்டும்? பட்டை எந்த இடத்தில் தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்பதைக் கண்ணுக்கு முன்பே மணிக்கட்டு அறிந்துகொள்கிறது அல்லவா, அதைத்தான் நான் முதல் மூன்று வகுப்புகளில் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் திண்டாடுகிறேன்.

தகட்டை அறுக்கும் சிறு ரம்பத்தைப் பிடித்தவுடன் பெரும்பாலோர் செய்யும் தவறு அழுத்துவது. அந்த ரம்பத்தின் பிளேடு ஏறக்குறைய ஒரு தடித்த நூலின் பருமன்தான் இருக்கும். பல் கீழ்நோக்கி, அதாவது கைப்பிடியைப் பார்த்து இருக்கும்படி பூட்டி, விரலால் சுண்டினால் ‘டிங்’ என்று ஒலிக்கும் அளவுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். பிறகு கை கீழே இறங்கும்போது தானாக அறுக்கும், மேலே ஏறும்போது சும்மா வரும். முன்னோக்கித் தள்ளினால் ஒடியும். சென்ற தவணையில் முதல் நாளே ஒரு தம்பி பன்னிரண்டு பிளேடு கொண்ட கட்டில் பதினொன்றை ஒடித்தார். அதே நாளில், உங்களைப் போலவே மரம் வெட்டிய ஓர் அம்மா ஒரே பிளேடில் ஓர் அரசிலையை முழுதாக வெட்டி எடுத்தார்.

கண்ணைப் பற்றி மட்டும் எச்சரிக்கிறேன். 45 வயதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் அருகுப்பார்வை மங்கியிருக்கும். படிக்கும் கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

கேள்வி: நாற்பது கருவிகள் அடங்கிய பெட்டி ஒன்றை இணையத்தில் விற்கிறார்கள். வாங்கிவிட்டு வகுப்புக்கு வரலாமா? கம்பியை எங்கே வாங்குவது?

பதில்: வாங்காதீர்கள். அந்தப் பெட்டியில் உள்ள முப்பத்தைந்து கருவிகளை நீங்கள் தொடவே மாட்டீர்கள். தொடும் ஐந்தும் மட்டமாக இருக்கும். ரம்பம், பிளேடு ஒரு கட்டு, ஓர் அரை வட்ட அரம், உள்பக்கம் பல் இல்லாத கொறடு இரண்டு, கூர்நுனிச் சாமணம் ஒன்று ஆகியவை போதும். பல் உள்ள கொறடு கம்பியில் கடித்த தழும்பை விட்டுவிடும்; அதை அரத்தால் போக்குவதற்குள் கம்பியே இளைத்துவிடும்.

பயிற்சிக்குச் செம்புக் கம்பி போதும், அதற்குக் காசும் அதிகம் வேண்டாம். வீட்டு மின்னிணைப்பு வேலை நடக்கும் இடங்களில் கேபிள் துண்டுகள் மிஞ்சும். 1.5 சதுர மில்லிமீட்டர் என்று சொல்லப்படும் ஒற்றைக் கம்பிக் கேபிளுக்குள் 1.38 மில்லிமீட்டர் பருமனுள்ள நல்ல செம்பு இருக்கிறது; 2.5 என்பதில் 1.78 மில்லிமீட்டர். மேலுறையைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள். லயத்து வீடுகளுக்குப் பின்னால் குவித்துவைத்துக் கொளுத்தும் வழக்கம் வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக் எரியும்போது வருவது மூச்சுக்குழாயை அரிக்கும் அமிலப் புகை.

விலைக்கு வாங்கும்போது, கம்பியின் பருமனைக் குறிக்கும் கேஜ் எண்ணைச் சொல்லாமல் மில்லிமீட்டரில் கேளுங்கள். அமெரிக்க அளவில் 20 கேஜ் என்பது 0.81 மில்லிமீட்டர், இங்கிலாந்து அளவில் அதே 20 கேஜ் 0.91 மில்லிமீட்டர். நமக்கு இரண்டு வழியிலும் சரக்கு வருகிறது. காதுத் துளைக்குள் நுழைய வேண்டிய கம்பிக்கு இந்தப் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் சிறிய வேறுபாடு அன்று.

கேள்வி: வகுப்பில் நீங்கள் மோதிரத்தைப் பற்றவைத்துக் காட்டும்போது, இணைப்பில் வைக்கும் பொடி கண் இமைக்கும் நேரத்தில் ஓடிவிடுகிறது. வீட்டில் நான் ஊதினால் அது உருண்டு முத்தாக நிற்கிறது, அல்லது ஒரு பக்கமாகத் தாவிவிடுகிறது. மூன்றாம் முறை மோதிரமே உருகிவிட்டது. என்ன தவறு செய்கிறேன்?

பதில்: இந்தக் கேள்வியை ஐந்து பேர் கேட்டிருக்கிறார்கள், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். மோதிரம் உருகியதற்கு வருந்த வேண்டாம். என் மாமாவின் பட்டறையில் நான் முதன்முதலாகப் பற்றவைத்த வெள்ளி மோதிரம், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பளபளத்து, தோள் தளர்ந்து, பட்டாணி அளவு உருண்டையாகச் சுருண்டது. மாமா அதைச் சாமணத்தால் எடுத்து, தண்ணீரில் போட்டு, “முதலில் வெள்ளி எப்போது உருகும் என்று தெரிந்துகொண்டாய், நல்லது” என்று மட்டும் சொன்னார்.

நாம் பொடி என்பது பற்றாசு. வெள்ளியோடு செம்பும் துத்தநாகமும் கலந்து, வெள்ளி உருகுவதற்குச் சற்று முன்பாகவே தான் உருகும்படி அமைத்த கலவை. பொடி வைத்துப் பேசுகிறார் என்று சொல்கிறோமே, அந்த வழக்கு எங்கள் பட்டறையில் பிறந்தது என்று பத்தர்கள் உரிமை கொண்டாடுவது உண்டு. இப்போது அது தகடாகவோ கம்பியாகவோ வந்தாலும் பெயர் மாறவில்லை. 92.5 விழுக்காடு வெள்ளி உள்ள உலோகம் 800 பாகை செல்சியசை ஒட்டி இளகத் தொடங்கி 900-க்கு அருகில் முழுவதும் நீராகிவிடும். கடினப் பொடி, அதாவது பொடிகளில் அதிகச் சூட்டில் உருகும் வகை, 750 பாகையை ஒட்டி ஓடும். இடையில் உங்களுக்கு இருக்கும் வெளி மிகக் குறுகலானது. செம்போ 1085 பாகை வரை உருகாது. முதல் ஆறு வாரம் நான் யாரையும் வெள்ளியைத் தொடவிடாமல் செம்பையே கொடுப்பதைக் கஞ்சத்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். செம்பு மன்னிக்கும், வெள்ளி மன்னிக்காது என்பதே காரணம்.

இனி உங்கள் பொடி ஏன் முத்தாக நிற்கிறது என்பதற்கு வருவோம். நீங்கள் பொடியைச் சூடாக்குகிறீர்கள். பொடியைச் சூடாக்கக் கூடாது. மோதிரத்தைச் சூடாக்க வேண்டும், மோதிரம் பொடியைச் சூடாக்கும். உருகிய பொடி எப்போதும் அதிகச் சூடு உள்ள இடத்தை நோக்கியே ஓடும். உலோகம் குளிர்ந்திருக்க, தீ நேரே பொடியின்மேல் பட்டால், அது போக இடமின்றித் தன்னுள்ளேயே சுருண்டு உருளும். ஒரு பக்கம் மட்டும் சூடானால் அந்தப் பக்கம் தாவும். ஆகவே இணைப்புக்கு நேர் எதிரே, மோதிரத்தின் முதுகிலிருந்து தொடங்கி, தீயை வட்டமாகச் சுற்றிச்சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் ஒரே நிறமான பிறகே இணைப்பின்மேல் நிறுத்த வேண்டும்.

எப்போது நிறுத்துவது என்பதை, பொடி ஓடத் துணைசெய்வதற்காக இணைப்பில் தடவும் வெண்காரம் என்ற உப்பு சொல்லும். நீரில் குழைத்துத் தடவிய வெண்காரம் முதலில் அப்பளம் போலப் பொங்கி வெள்ளை நுரையாக எழும். அந்த நேரத்தில்தான் பொடித் துண்டு இடம் பெயர்ந்துவிடும், சாமண நுனியால் மெதுவாகத் திரும்பத் தள்ளிவிடுங்கள். பிறகு நுரை அடங்கி, மாவு போல ஒட்டிக்கொள்ளும். இன்னும் சூடு ஏற, 740 பாகையைத் தாண்டியதும் அந்த மாவு கண்ணாடியாகத் தெளிந்து, ஈரம் பட்டதுபோல் மின்னும். அதற்குச் சற்றைக்கெல்லாம் பொடித் துண்டின் கூர்முனைகள் மழுங்கும். அடுத்த நொடி, ஒரு வெள்ளிக்கோடு இணைப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடி மறையும். தீயை உடனே எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று நினைத்து வைத்திருக்கும் அந்த இரண்டு நொடியில்தான் மோதிரம் போகிறது.

இதைப் பார்ப்பதற்கு இருட்டு வேண்டும். எங்கள் மாடியில் மேற்குச் சன்னலைச் சாத்துவதும் மின்விசிறியை நிறுத்துவதும் உங்களைப் புழுக்கத்தில் வாட்டுவதற்காக அன்று. பிற்பகல் வெயிலில் உலோகத்தின் மங்கிய சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, காற்றில் தீ சாய்ந்துவிடும். வீட்டில் நீங்கள் முன்நடையான ஐந்தடியில், தகரக்கூரை அடியில், நண்பகலில் ஊதியிருந்தால் நிறத்தை நீங்கள் பார்த்திருக்கவே வழியில்லை.

இதற்கெல்லாம் முன்பு இணைப்பு சரியாகப் பொருந்தியிருக்க வேண்டும். மோதிரத்தைச் சன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இடுக்கில் வெளிச்சக் கீற்று தெரிந்தால் பொடி ஓடாது, பொடி இடைவெளியை நிரப்பும் சாந்து அன்று. அரத்தால் தேய்த்த பிறகு விரலால் தடவிப் பார்க்கும் பழக்கத்தையும் விடுங்கள். விரலின் எண்ணெய் பட்ட இடத்தைப் பொடி ஒதுக்கிவிட்டுப் போகும்.

ஊதி முடித்ததைத் தண்ணீரில் அமிழ்த்தி, சிட்ரிக் அமிலம் கரைத்த வெதுவெதுப்பான நீரில் போட்டால் கறுப்பும் வெண்காரக் கண்ணாடியும் கழன்றுவிடும். பழைய பட்டறைகளில் இதற்குப் புளி கரைத்துக் கொதிக்கவைத்தார்கள், இன்றும் அது வேலை செய்யும். அந்த நீரில் இரும்புச் சாமணத்தை விடாதீர்கள். கரைந்திருக்கும் செம்பு வெள்ளியின்மேல் படிந்து இளஞ்சிவப்பாக்கிவிடும்.

பாதுகாப்பைப் பற்றி மூன்று செய்திகள். சிமெண்டுத் தரையில் வைத்து ஊத வேண்டாம். உள்ளே இருக்கும் ஈரம் சூட்டில் வெடித்துச் சில்லு தெறிக்கும், அதற்குத் தீச்செங்கல் இருக்கிறது. நைலான் துப்பட்டாவோடு தீயருகே உட்கார வேண்டாம். பொடி வாங்கும்போது காட்மியம் கலவாதது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து வந்த நகைகளில் ‘கேடிஎம்’ என்று பெருமையாகச் சொன்னார்களே, அது காட்மியம் கலந்த பொடியால் பற்றவைத்ததைக் குறித்தது. காட்மியம் 767 பாகையிலேயே ஆவியாகிவிடும், அதாவது நீங்கள் ஊதும் அதே சூட்டில். அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கேள்வி: உள்விட்டத்தைச் சரியாக அளந்துதான் கம்பியை வெட்டுகிறேன். ஆனாலும் மோதிரம் ஒவ்வொரு முறையும் சிறுத்துவிடுகிறது.

பதில்: கம்பியின் பருமனைக் கூட்ட மறந்திருக்கிறீர்கள். உள்விட்டம் 17 மில்லிமீட்டர், கம்பி 1.5 மில்லிமீட்டர் என்றால் இரண்டையும் கூட்டி 3.14-ஆல் பெருக்குங்கள், 58 மில்லிமீட்டர் வரும். 17-ஐ மட்டும் பெருக்கினால் 53-தான். அந்த ஐந்து மில்லிமீட்டர்தான் உங்கள் விரல் முட்டியில் சிக்குகிறது.

கேள்வி: பாட்டி விட்டுச்சென்ற ராஜா தலை போட்ட வெள்ளிக்காசுகள் ஏழு இருக்கின்றன. உருக்கி வகுப்பில் வளையல் செய்யலாமா?

பதில்: கூடாது. இரண்டு காரணங்கள் உண்டு. நம் ஊரில் ரிங்கிட்டை இன்றும் வெள்ளி என்கிறோம். அந்தப் பெயருக்குக் காரணமானவை இந்தக் காசுகள்தாம் என்பதால், அவற்றில் இருப்பது முழு வெள்ளி என்று குடும்பங்களில் நம்பிக்கை இருக்கிறது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரை உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்காக 1903-இல் வெளியான ஒரு டாலர் நாணயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி இருந்தது உண்மை. ஆனால் முதல் உலகப்போருக்குப் பின் வெள்ளி விலை ஏறியபோது, 1919, 1920 ஆகிய ஆண்டுகளின் டாலரில் அது பாதியாகக் குறைக்கப்பட்டது. பாதி வெள்ளியை உருக்கினால் சூட்டில் கறுக்கும், தட்டினால் முரண்டு பிடிக்கும் ஓர் உலோகம் கிடைக்கும். கற்றுக்குட்டிக் கைக்கு அது ஆகாது. இரண்டாவது காரணம், தேயாத பழங்காசுக்கு உலோக விலையைவிடக் காசு விலை கூடுதலாக இருக்கக்கூடும். ஆண்டைப் படித்துக் குறித்துக்கொண்டு, நாணயம் சேகரிக்கும் ஒருவரிடம் காட்டுங்கள். பிரிக்க மனமில்லையென்றால், காசில் துளையும் போடாமல், பொடியும் வைக்காமல், சுற்றிலும் ஒரு வெள்ளிக்கம்பிச் சட்டம் அமைத்துத் தொங்கட்டமாக மாட்டலாம். காசுமாலையின் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நான்காம் மாதத்தில் சொல்லித்தருகிறேன்.

கேள்வி: வகுப்பில் செய்த வெள்ளித் தோடு இரண்டே வாரத்தில் கருநீலமாகக் கறுத்துவிட்டது. உறையில் போட்டுப் பத்திரமாகத்தான் கட்டி வைத்திருந்தேன். வெள்ளி போலியா? உடம்புச் சூடு என்கிறார் அக்கம்பக்கத்தார்.

பதில்: வெள்ளி நல்ல வெள்ளி; உங்கள் உடம்பும் நன்றாகவே இருக்கட்டும். எதைக்கொண்டு கட்டினீர்கள் என்பதை எழுதவில்லை, ரப்பர் வளையத்தால் என்று ஊகிக்கிறேன். வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகம். மரத்தில் கட்டும் மங்குக் கிண்ணத்திலிருந்து வரும் ரப்பர் பாலில் அது பேசத்தக்க அளவில் இல்லை. ஆனால் ஆலையில் ரப்பரை இழுத்தால் திரும்பும்படி பதப்படுத்தும்போது கந்தகம் சேர்க்கிறார்கள். மூடிய உறைக்கு அருகில் அந்த வளையம் இருந்தால் மெல்ல மெல்லக் கசிந்து தோட்டின்மேல் படியும். ரப்பர் விளைந்த ஊரில் ரப்பரால் நகை கறுப்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

ஒரு பாத்திரத்தில் அலுமினியத்தாளை விரித்து, தோட்டை அதைத் தொடும்படி வைத்து, இரண்டு தேக்கரண்டி சமையல் சோடா போட்டுக் கொதிநீர் ஊற்றுங்கள். கறுப்பு சில நிமிடங்களில் நீங்கிவிடும். முத்து, பவளம் பதித்தவற்றுக்கு இந்த வைத்தியம் வேண்டாம்.

கேள்வி: தங்கை மகளுக்குக் கவரிங் தோடு போட்டாலே காது புண்ணாகிறது. வகுப்பில் வாங்கிய கொக்கிகளைப் போடலாமா?

பதில்: பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கும். பூச்சு தேய்ந்ததும் அடியிலுள்ள நிக்கல் தோலைத் தொடுகிறது. விற்பனைக்கு வரும் ஆயத்தக் கொக்கிகளிலும் அது இருக்கலாம் என்பதால், 0.8 மில்லிமீட்டர் வெள்ளிக் கம்பியில் நீங்களே வளைத்து, முனையை உருட்டித் தேய்த்துப் போடுங்கள். புண் ஆறும்வரை எதையும் மாட்டாமல் இருப்பது நல்லது. ஆறாவிட்டால் கிளினிக்கில் காட்டுங்கள்.

கேள்வி: தீபாவளிச் சந்தையில் கடை போட்டு விற்க ஆசை. உரிமம் வேண்டுமா? 925 முத்திரை குத்தலாமா?

பதில்: தொழிலைத் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம் எனப்படும் நிறுவன ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டம். சொந்தப் பெயரில் நடத்தினால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். சந்தையில் இடம் பிடிப்பதற்கு ஊராட்சி மன்றத்தின் உரிமம் தனி.

முத்திரையைப் பொறுத்தவரை நான் கண்டிப்பானவன். 925 என்பது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்ற வாக்குறுதி; தங்கத்தில் 916 எப்படியோ அப்படி. எந்தக் கடையில், எந்த விற்பனைச் சீட்டோடு வாங்கிய கம்பி என்று உங்களால் காட்ட முடிந்தால் குத்துங்கள். பழைய கொலுசையும் உடைந்த அரைஞாணையும் சேர்த்து உருக்கிய உலோகத்தில் குத்தாதீர்கள், அது உங்கள் அம்மாவின் கொலுசாகவே இருந்தாலும் சரி.

கேள்வி: ஆவணியில் மகளுக்குத் திருமணம். வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. தாலியை என் கையாலேயே செய்ய விரும்புகிறேன். சொல்லித்தருவீர்களா?

பதில்: உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது, ஆனால் இந்த ஆவணிக்கு வேண்டாம், அம்மா. உங்கள் அரவேலை நேர்த்தியானது. பற்றவைப்பு இன்னும் கைக்கு வரவில்லை. சென்ற சனிக்கிழமை இரண்டு இணைப்புகளில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். தாலியில் குண்டும் குழாயும் சின்னமும் அருகருகே பற்ற வேண்டியிருப்பதால், கடைசியாக வைக்கும் பொடிக்குத் தரும் சூட்டில் முதலில் வைத்த பொடி கழன்றுவிடாமல் கடினம், நடுத்தரம், இளகு என்று மூன்று பொடிகளையும் வரிசையாகக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். வழக்கமாகச் செய்துதரும் பத்தரிடமே கொடுத்துவிடுங்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் பொன்னுருக்கு என்று அதற்குத் தனிச் சடங்கே உண்டு; உங்கள் வீட்டு வழக்கம் எதுவானாலும், பொன்னை உருக்க நாள் பார்த்தவுடன் பத்தரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, மூசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்காருங்கள். வெற்றிலைத் தட்டை வேறு யாராவது பிடித்துக்கொள்ளட்டும். வெண்காரம் எப்போது தெளிகிறது, அவர் எந்த நொடியில் தீயை எடுக்கிறார் என்று பார்த்துவந்து, அடுத்த சனிக்கிழமை எங்களுக்குச் சொல்லுங்கள்.